240இசட்: சத்தத்தை எங்கே அடைப்பது?

2013 பிப்ரவரி 10

கேள்வி: “டாட்சன் 240இசட் என்ற பழைய இரண்டு இருக்கைக் கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். நெடுஞ்சாலையில் பக்கத்து இருக்கையில் இருப்பவருடன் பேச முடியவில்லை. தரை, கதவு, கூரை என்று உள்பக்கம் முழுவதும் பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர்த் தகட்டை இரண்டு அடுக்காக ஒட்டிவிட்டால் இன்றைய கார்களைப் போல அமைதியாகிவிடும் என்கிறார்கள். ஒட்டலாமா?”

இப்போதைக்கு ஒட்ட வேண்டாம். 1971 ஆம் ஆண்டு 240இசட் ஒன்று என்னிடம் நான்கு ஆண்டுகளாக இருக்கிறது. வந்த முதல் கோடையிலேயே இதே காரியத்தைச் செய்து பார்த்தேன். அதுவும் பியூட்டைல்கூட அல்ல. கூரை ஒழுகலை அடைக்க விற்கும் தார் நாடாவை வாங்கி ஒட்டினேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: மேலே அலுமினியத் தாள், கீழே கறுப்பாக ஒட்டும் பசை. வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய ஒரு நாள் மாலை வந்து பார்த்தபோது, பின்சக்கர வளைவுகளின் மேலிருக்கும் வைர வடிவ அச்சுப் போட்ட வினைல் உறையின் ஓரத்திலிருந்து தார் இளகி, விரல் அகலத்துக்கு வழிந்து, கம்பளத்தில் போய் உறைந்திருந்தது. வாசனை இரண்டு ஆண்டுகள் போகவில்லை. சட்டை ஒன்றும் போயிற்று.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது என்னவென்றால், 38 கிலோ ஏற்றியும் காருக்குள் இருந்த கூச்சல் கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தது. கையால் தட்டினால் ‘டங்’ என்று ஒலித்த தகரம் ‘தொம்’ என்று ஒலித்தது. ஓட்டினால் எந்த வேறுபாடும் தெரியவில்லை.

2013 பிப்ரவரி 11

நேற்று எழுதியதற்குக் காரணம் சொல்லவில்லை. ஒட்டும் தகடு தகரத்தின் அதிர்வை அடக்கும். அதன் வேலை அவ்வளவுதான். காற்றில் வரும் சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும். ஒரு தடுப்பின் எடையை இரட்டிப்பாக்கினால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும் என்பது பொதுவான கணக்கு. காதுக்குப் பாதியாகக் குறைந்ததுபோலத் தோன்றவே ஏறத்தாழ 10 டெசிபெல் குறைய வேண்டும். ஒரு சதுர மீட்டர் காரின் தகரம் ஆறு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். இரண்டு அடுக்கு தார் ஒட்டினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே என் 38 கிலோ எனக்கு வாங்கித் தந்திருக்கக் கூடியது, மிஞ்சிப் போனால், அந்த 6 டெசிபெல்தான். கண்ணாடி வழியாகவும் ஓட்டைகள் வழியாகவும் கதவு ரப்பர் வழியாகவும் வரும் சத்தம் இந்தக் கணக்கிலேயே இல்லை.

இந்தக் காரின் மொத்த எடை ஏறத்தாழ 1,045 கிலோ. அதன் அழகே அந்த இலேசுத் தன்மையில்தான் இருக்கிறது. எடையை ஏற்றுவதற்கு முன் யோசிக்க வேண்டும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை; சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

2013 ஜூன் 2

காரை முழுமையாகப் பிரித்துவிட்டேன். இருக்கை, கம்பளம், டாஷ்போர்டு, கண்ணாடிகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. நான் ஒட்டிய தாருக்கு அடியில், கார் பிறந்தபோதே தரையில் ஒட்டி, மேலே பாடியின் நிறத்திலேயே பெயின்ட் அடித்திருந்த பழைய தார் விரிப்பும் இருக்கிறது. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றிலும் இதுதான் வழக்கம். இவ்வளவு ஆண்டுகளில் அது ஓடு மாதிரி இறுகி வெடித்திருக்கிறது.

சூடாக்கிச் சுரண்டுவதா, குளிர்வித்து உடைப்பதா என்பதுதான் கேள்வி. வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் ஒரு மணி நேரம் முயன்றதில் ஒரு முழ அளவு வந்தது. வந்ததும் என் கையுறையில் ஒட்டிக்கொண்டது.

2013 ஜூன் 9

உலர்பனி வாங்கிவந்து செய்தேன். உறைந்த கார்பன் டை ஆக்சைடுதான் அது, மைனஸ் 78.5 டிகிரி குளிர். துண்டுகளை உடைத்துத் தரையில் பரப்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால், ‘பட்’ ‘பட்’ என்று சத்தம் கேட்கத் தொடங்கும். தகரமும் தாரும் குளிரில் ஒரே அளவில் சுருங்குவதில்லை; அதனால் பிடி விட்டுப் போகிறது. பிறகு உளியை வைத்துச் சிறிய சுத்தியலால் தட்டினால் உள்ளங்கை அளவுத் துண்டுகளாக எழும்பி வருகிறது. கடைசியாக ஒட்டியிருக்கும் கறையைத் துணியில் மண்ணெண்ணெய் தோய்த்துத் துடைத்தேன். தரை மட்டமாக இருக்கும் இடத்தில் மிக எளிது; கியர்பாக்ஸ் மேட்டின் சரிவில் உலர்பனி நிற்காமல் வழுக்கி விழும். அங்கே துணிப்பையில் கட்டி, பலகையால் முட்டுக்கொடுத்தேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தரை முழுவதும் முடிந்தது.

2013 ஜூன் 10

நேற்று எழுத மறந்ததை இன்றே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. உலர்பனி திரவமாகாமல் நேரடியாக வாயுவாக மாறும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும். கதவுகள் மூடிய கொட்டகையில், காரின் தரைக்குள் தலையைக் குனிந்து வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யக் கூடாது. எனக்கு அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கியது. குனிந்து வேலை செய்ததால்தான் என்று நினைத்தேன். அது இல்லை. எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, மின்விசிறியையும் ஓட்ட வேண்டும். கனமான கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

2013 செப்டம்பர் 22

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. தாருக்கு அடியில் இரண்டு பக்கமும் தரை துருப்பிடித்திருக்கிறது. தார் வெடித்த கோடு எங்கெங்கே ஓடியதோ, அங்கெல்லாம் நீர் இறங்கித் தேங்கி, அதே கோட்டில் தகரம் சல்லடையாகியிருக்கிறது; விரிசலின் வரைபடத்தைத் தகரத்தில் நகலெடுத்ததுபோல இருந்தது. திருப்புளியை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை இறங்கிவிட்டது. பாட்டரித் தட்டுக்குக் கீழே இருக்கும் ரெயிலும், அதாவது பாடியைத் தாங்கும் நீளச் சட்டமும், அப்படித்தான். இந்தக் காரைத் தெரிந்தவர்கள் முதலில் குனிந்து பார்க்கும் இடமும் அதுதான்.

முதல் கோடையில் நான் அதன் மேல் புதுத் தார் ஒட்டியபோது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன். சத்தத்தை அடைக்கப் போய் ஈரத்தை அடைத்துவிட்டேன்.

2015 மார்ச் 15

இடையில் எழுதாததற்கு, எழுத எதுவும் இல்லாததே காரணம். தகரம் வெட்டி, பற்றவைத்து, தேய்த்து, மறுபடி வெட்டியதில் பதினெட்டு மாதங்கள் போய்விட்டன. தரை இரண்டும் புதிது. ரெயில்களுக்குள் நீண்ட குழாய் விட்டு மெழுகு தெளித்திருக்கிறேன்.

அடுத்தது பின்பக்கச் சஸ்பென்ஷன். கீழ்க்கையைச் சக்கரத் தண்டோடு இணைக்கும் நீண்ட ஸ்பிண்டில் பின்கள் இரண்டும் இறுகிப்போயிருந்தன. இந்தக் காரை வைத்திருக்கும் எவரிடமும் ‘ஸ்பிண்டில் பின்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். ஒன்று மூன்று நாளில் வந்தது. மற்றொன்றை இரண்டு பக்கமும் அறுத்து, அழுத்த இயந்திரத்தில் வைத்துத் தள்ள வேண்டியிருந்தது. இணைப்புகளில் அதிர்வைத் தாங்க வைக்கும் பழைய ரப்பர் புஷ்கள் கருவாடாகக் காய்ந்திருந்ததால், எல்லா இடத்திலும் பாலியூரித்தேன் புஷ் போட்டுவிட்டேன். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் முன் மவுன்ட்டுக்கும் (அதைத் தாங்கும் பிடிக்கும்), அதைப் பின்னால் தாங்கும் மீசைக் கம்பிக்கும்கூட அதுதான். இறுக்கமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

2016 ஆகஸ்ட் 7

கார் ஓடுகிறது. பெயின்ட் முடிந்துவிட்டது, உள்ளே வெறும் தகரமும் இரண்டு இருக்கைகளும் மட்டுமே. எல்24 எஞ்சினை, 2,393 சிசி ஆறு சிலிண்டரை, ஏழாண்டுகளுக்குப் பிறகு முதன்முதலாக ஒழுங்காகக் கேட்கிறேன்.

கேட்க முடிந்தது 60 கிலோமீட்டர் வேகம் வரைதான். அதற்கு மேல் பின்னாலிருந்து ஒரு ஊளை எழுகிறது. காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தால் அதன் சுருதி மாறுகிறது. மிதித்தால் மறுபடி ஏறுகிறது. டிஃபரன்ஷியல் போய்விட்டதோ என்று பயந்து, கழற்றிப் பற்களின் இடைவெளியை அளந்து பார்த்தேன், சரியாகவே இருந்தது.

2016 அக்டோபர் 30

ஊளைக்குக் காரணம் நான்தான். பற்களின் சிறு முனகல் எந்த டிஃபரன்ஷியலிலும் இருக்கும். அதைப் பாடிக்குள் ஏறவிடாமல் தடுப்பதற்காகத்தான் தடித்த ரப்பர் மவுன்ட்டில் அதைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நான் போட்ட பாலியூரித்தேன், ரப்பரைவிடப் பல மடங்கு இறுக்கமாக இருந்து, முனகலை அப்படியே தரைத் தகட்டிடம் ஒப்படைத்தது. தரை மத்தளமாயிற்று. முன் மவுன்ட்டையும் மீசைக் கம்பியின் புஷ்களையும் மட்டும் ரப்பராக மாற்றினேன். கீழ்க்கைகளில் பாலியூரித்தேன் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஊளை போயே போய்விட்டது. ஒரு கிராம்கூட ஒட்டவில்லை.

2013 இல் கேள்வி கேட்டவருக்கு இப்போது வேறு மாதிரிப் பதில் சொல்வேன். முதலில் ரப்பர்களை மாற்றுங்கள்: எஞ்சின் மவுன்ட், கியர்பாக்ஸ் மவுன்ட், டிஃபரன்ஷியல் மவுன்ட், சைலன்சரைத் தொங்கவிடும் வளையங்கள். கட்டமைப்பு வழியாக ஏறும் சத்தத்தை அது ஏறும் இடத்தில்தான் நிறுத்த முடியும்; ஏறிய பிறகு ஒட்டி நிறுத்த முடியாது.

2017 ஜனவரி 14

எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் இடையிலிருக்கும் முன் தடுப்புத் தகட்டின் ஓட்டைகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி. இரவில், எஞ்சின் அறைக்குள் பிரகாசமான விளக்கை வைத்து பானெட்டை மூடிவிட்டு, காருக்குள் மல்லாந்து படுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பாருங்கள். நான் பார்த்தபோது நட்சத்திரங்கள் தெரிந்தன: ஸ்டீயரிங் தண்டைச் சுற்றி அரைவட்டமாக ஒன்று, சோக் கம்பி நுழையும் இடத்தில் ஒன்று, ஹீட்டர் குழாய்களின் ரப்பர் சுருங்கிய இடத்தில் இரண்டு, யாரோ முன்பு ரேடியோவுக்காகத் துளைத்துவிட்டு மறந்த ஒன்று. மொத்தம் பதினொன்று எண்ணினேன்.

ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி 99 பங்கும் கோட்டைச் சுவராகவே இருந்தாலும், அந்தத் தடுப்பு 20 டெசிபெலுக்கு மேல் சத்தத்தைக் குறைக்காது. ஓட்டைப் பானையின் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன், இத்தனை நாள். புது ரப்பர் வளையங்கள் போட்டுப் பதினொன்றையும் அடைத்தேன். அன்று மாலையே கார்புரேட்டர்களின் சீறல் பாதியாகக் குறைந்தது.

2018 மே 20

ஜன்னலைத் திறந்தால் பின்னாலிருந்து புகை வாசனை வருகிறதே என்று ஒருவர் கேட்கிறார். இந்தக் காரின் பரம்பரை நோய் அது. ஓடும்போது பின்கதவுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகை அங்கேயே சுழல்கிறது. ஜன்னலைத் திறந்ததும் உள்ளறையின் அழுத்தமும் குறைவதால், எந்தச் சந்து கிடைத்தாலும் புகை உள்ளே வந்துவிடுகிறது. பின்கதவு ரப்பர் பீடிங், பின்விளக்குகளின் அடிரப்பர், என்னுடையதைப் போன்ற ஆரம்பகாலக் கார்களில் பின்கதவிலேயே இருக்கும் காற்றுத் துளைகள், ஒயர் நுழையும் இடங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். புகை நுழையும் சந்து வழியாகச் சத்தமும் நுழையும். ஒன்றை அடைத்தால் மற்றதும் அடங்கும்.

பீடிங் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு தாள் துண்டை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் அங்கே பிடிப்பில்லை என்று பொருள். நான் பீடிங்கின் மேல் சாக்பீஸ் பொடியைத் தடவி மூடித் திறந்தேன். வலது கீழ்மூலையில் ஒரு சாண் நீளத்துக்குப் பொடி தகரத்தில் படவே இல்லை. தாழ்ப்பாளை இரண்டு மில்லிமீட்டர் இறக்கியதும் பட்டது. புதிதாக விற்கும் சில பீடிங்குகள் அளவுக்கு மீறித் தடிப்பாக இருக்கின்றன; கதவை அறைந்து சாத்த வேண்டியிருந்தால் அது நல்ல பீடிங் என்று எண்ண வேண்டாம்.

பெட்ரோல் வாசனையாக இருந்தால் அது வேறு. வலது பின்பக்க உள் அட்டைக்குப் பின்னால் இருக்கும், பெட்ரோல் ஆவி சேரும் தொட்டியின் ரப்பர்க் குழாய்களை மாற்ற வேண்டும். சைலன்சர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்; நான் அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்றை இருக்கைக்குப் பின்னால் பொருத்தியிருக்கிறேன்.

2018 மே 27

வால்வுகளின் ‘டிக் டிக்’ சத்தத்தை இடைவெளியைக் குறைத்து நிறுத்தலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. குளிர்ந்த எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.20 மில்லிமீட்டர், வெளியேற்றும் வால்வுக்கு 0.25. இறுக்கினால் அமைதியாகத்தான் இருக்கும். வால்வு எரிகிற வரை.

2019 பிப்ரவரி 3

எஞ்சின் நிமிடத்துக்கு 2,900 முதல் 3,100 சுற்றுக்குள் ஓடும்போது காது அடைப்பதுபோல ஒரு ரீங்காரம் இருக்கிறது. நான்காம் கியரில் அது ஏறத்தாழ 105 கிலோமீட்டர் வேகம்; நெடுஞ்சாலையில் நான் ஓட்டும் வேகமும் அதுதான். அரை மணி நேரத்தில் தலைவலி வருகிறது. வேடிக்கை என்னவென்றால், கைபேசியில் இருக்கும் ஒலிமானி அந்த இடத்தில் முள் அசையாமல் இருக்கிறது. கருவி இல்லை என்கிறது, தலை இருக்கிறது என்கிறது.

2019 பிப்ரவரி 17

கருவி பொய் சொல்லவில்லை. நான் தவறான கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அந்த மானி ‘ஏ’ எடையிடலில் அளக்கிறது. மெல்லிய ஒலிகளைக் கேட்கும்போது மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுருதிகள் மந்தமாகக் கேட்கும் என்பதால், அவற்றைக் குறைத்துக் கணக்கிடும் முறை அது. 160 ஹெர்ட்ஸில் அது 13 டெசிபெலுக்குச் சற்று மேல் கழித்துவிடும்; 100 ஹெர்ட்ஸில் 19. என் ரீங்காரம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது: ஆறு சிலிண்டர் எஞ்சின், ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு, நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50, ஆக 150 ஹெர்ட்ஸ். தாழ்ந்த சுருதிகளை அவ்வளவாகக் கழிக்காத ‘சி’ எடையிடலுக்கு மாற்றியதும் முள் துள்ளி எழுந்தது.

ஆகவே, இந்த ஆண்டுகளில் நண்பர்களிடம் நான் சொல்லிவந்த ‘முன்னும் பின்னும்’ அளவுகள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். சீறலையும் காற்றிரைச்சலையும் பொறுத்தவரை அவை சரி. ரீங்காரத்தைப் பொறுத்தவரை அவை ஒன்றுமே சொல்லவில்லை.

2019 மார்ச் 10

தடித்த பஞ்சு நுரையை உள்ளே நிரப்பினால் ரீங்காரம் போகுமா என்ற கேள்வி வந்தது. உறிஞ்சும் பொருள் நன்றாக வேலை செய்ய, அதன் தடிப்பு அலைநீளத்தின் கால்பங்கை நெருங்க வேண்டும். 150 ஹெர்ட்ஸுக்கு அந்தக் கால்பங்கு 57 சென்டிமீட்டர். இரண்டு பேர் உட்காரும் காரில் 57 சென்டிமீட்டர் நுரையைப் போட்டால், ஒருவரை இறக்கிவிட வேண்டும்.

2020 ஜூலை 5

வேறு வழி பிடித்தேன். சைலன்சர் குழாயிலிருந்து ஒரு கிளைக் குழாயைப் பிரித்து, அதன் நுனியை அடைத்துவிட்டால், கிளைக்குள் போய் மோதித் திரும்பும் அலை, நீளம் சரியாக இருந்தால், எதிர்நிலையில் வந்து சேர்ந்து அந்த ஒரு சுருதியை மட்டும் அணைக்கும். கிளையின் நீளம் அலைநீளத்தில் கால்பங்கு இருக்க வேண்டும். சூடான புகையில் ஒலி வேகமாகப் போகும். 225 டிகிரி என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர். 450 ஐ 600 ஆல் வகுத்தால் 75 சென்டிமீட்டர். வெட்டி, ‘ஜே’ வடிவில் வளைத்து, நுனிக்கு மூடி பற்றவைத்தாயிற்று.

2020 ஜூலை 12

3,000 சுற்றில் ரீங்காரம் அப்படியே இருக்கிறது. ஆனால் 2,650 க்கும் 2,700 க்கும் இடையில் கார் கோயில் போல அமைதியாக இருக்கிறது. அங்கே எனக்கு எந்தத் தொல்லையும் இருந்ததில்லை.

2020 ஜூலை 26

கிளைக்குள் புகை ஓடுவதில்லை, தேங்கி நிற்கிறது. அதனால் பிரதான குழாயைவிட அது குளிர்ந்திருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 130 டிகிரிக்கு அருகில் இருந்தது. அந்த வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 400 மீட்டர்தான். 400 ஐ 600 ஆல் வகுத்தால் 67 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு சென்டிமீட்டர் அறுத்து எடுத்து மறுபடி மூடியைப் பற்றவைத்தேன். ரீங்காரம் இருந்த இடத்தில் இப்போது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வந்த என் தம்பி, “என்னவோ நின்றுபோய்விட்டது” என்றான். எஞ்சின் அணைந்துவிட்டதோ என்று ஒரு கணம் நானும் மீட்டரைப் பார்த்தேன்.

பின்கதவும் இதில் கூட்டாளி. இந்த வேலைக்கு முன், தம்பியை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பின்கதவின் தகட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்திருக்கிறேன். அழுத்தினால் ரீங்காரம் இறங்கும், விட்டால் ஏறும். அந்த ஒரு தகட்டின் நடுவில் மட்டும் பியூட்டைல் துண்டு ஒன்றை ஒட்டினேன்.

2021 நவம்பர் 14

எட்டு ஆண்டுகள் கழித்து இப்போதுதான் ஒட்டுகிறேன். தகட்டின் பரப்பில் கால்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை, நடுவில் அதிரும் இடத்தில் மட்டும், பியூட்டைலை உருளையால் அழுத்தி ஒட்டினால் போதும்; முழுவதும் மூடினால் எடை ஏறும், பலன் அதே அளவில் ஏறாது. எங்கே ஒட்டுவது என்று விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்துச் சாக்பீஸால் வட்டமிட்டேன். அதன் மேல் நீர் உறிஞ்சாத மூடிய கண் நுரை ஆறு மில்லிமீட்டர். அதற்கும் மேல், கியர்பாக்ஸ் மேட்டிலும் முன் தடுப்புத் தகட்டிலும் மட்டும், சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ எடையுள்ள வினைல் விரிப்பு. நுரை இடையில் இருப்பதால் விரிப்பு தகரத்தைத் தொடாமல் மிதக்கிறது. தொட்டால் அதுவும் தகரத்தோடு சேர்ந்து ஆடும். தரையில் எதையும் பசைபோட்டு ஒட்டவில்லை. கம்பளத்தைத் தூக்கினால் நுரையும் வரும், தகரத்தைக் கண்ணால் பார்க்கலாம். சணல் ஃபெல்ட் வேண்டவே வேண்டாம். ஒருமுறை நனைந்தால் ஒரு மாதம் காயாது.

மொத்தம் 19 கிலோ. முதல் கோடையில் ஏற்றியதில் சரிபாதி.

2022 ஜூன் 19

ஒரு தவறு. இடது கதவுக்குள் பியூட்டைல் ஒட்டியபோது, கீழ் விளிம்பில் நீர் வடியும் துளை ஒன்றின் மேல் துண்டு நீண்டுவிட்டது. மழையில் ஓட்டிவிட்டு வந்து கதவைத் திறந்தால் உள்ளே ‘கலக்’ என்று நீர் அலம்புகிறது. அறுத்துவிட்டேன். துருவைப் பற்றி 2013 இல் பக்கம் பக்கமாக எழுதியவன் நான்தான் என்பதை யாரும் நினைவூட்ட வேண்டாம்.

2023 ஏப்ரல் 23

நான்கு கியர் பெட்டிக்குப் பதிலாக, இதே வரிசையில் பின்னால் வந்த 280இசட்எக்ஸ் காரின் ஐந்து கியர் பெட்டியைப் போட்டாயிற்று. ஐந்தாம் கியர் விகிதம் 0.745, அதே 105 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் இப்போது 2,240 சுற்றுக்கு அருகில்தான் ஓடுகிறது. அதாவது, மூன்று வாரம் வெட்டி ஒட்டிய அந்தக் கிளைக் குழாய்க்கு நெடுஞ்சாலையில் இனி வேலை இல்லை. இதை முதலிலேயே செய்திருந்தால் குழாயே தேவைப்பட்டிருக்காது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான். கழற்ற மனம் வரவில்லை. மலைப்பாதையில் நான்காம் கியரில் ஏறும்போது அது இன்னும் பயன்படுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

2024 ஜனவரி 28

முன் தடுப்புத் தகட்டின் மேல் போட்டிருந்த வினைல் விரிப்பை நேற்று எடுத்துவிட்டேன். கார் அமைதியாக இருந்தது, ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வரும் இரண்டு கார்புரேட்டர்களின் அந்த உறிஞ்சலும் அதோடு போய்விட்டிருந்தது. வேகம் ஏறுவதை மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஊளையும் ரீங்காரமும் காற்றுச் சீறலும் வேண்டாம் என்றுதான் தொடங்கினேனே தவிர, எஞ்சினே வேண்டாம் என்று அல்ல. கியர்பாக்ஸ் மேட்டின் விரிப்பு இருக்கட்டும். ஓட்டைகளின் அடைப்பும் இருக்கட்டும். ஐந்து கிலோ குறைந்தது, அந்த உறிஞ்சல் திரும்பிவிட்டது.

2024 பிப்ரவரி 4

மற்ற சத்தங்கள் அடங்கியதும் புதிதாக ஒன்று கேட்கிறது. இடதுபக்கப் பின்சக்கரத்திலிருந்து மெல்லிய முனகல்; வலதுபுறம் திரும்பி எடை இடதுபக்கம் சாயும்போது ஏறுகிறது, இடதுபுறம் திரும்பினால் இறங்குகிறது. பேரிங்தான். எத்தனை ஆண்டுகளாக முனகிக்கொண்டிருந்ததோ தெரியாது, டிஃபரன்ஷியல் ஊளையிலும் 38 கிலோ தாரிலும் அது யார் காதில் விழுந்திருக்கும்? ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறேன். இந்த முறை ஸ்பிண்டில் பின்னைத் தொட வேண்டியதில்லை என்பது மட்டும் ஆறுதல்.